ஒரு சட்டி, ஆறு கைகள்

நெற்றியில் சாம்பல் விழுந்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

சாமியார் கட்டை விரலால் அழுத்திச் சிலுவை போட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். நான் நகராமல் நின்றேன். சாம்பல் தூள் மூக்கில் இறங்கித் தும்மல் வந்தது. பக்கத்தில் முழங்காலில் இருந்த என் மாமியார் லூர்தம்மாள் கண்ணை மூடியபடியே உதட்டோரம் சிரித்தார். ஜெபத்தில் வரும் சிரிப்பு அல்ல அது. என் தலையில் நன்றாக மிளகாய் அரைத்துவிட்ட சிரிப்பு.

அன்று விபூதி புதன், தவசு காலத்தின் முதல் நாள். இனி நாற்பது நாளைக்கு எங்கள் வீட்டில் கறி கிடையாது, மீன் கிடையாது, கருவாடு கிடையாது, முட்டைகூடக் கிடையாது. அன்று சாயங்காலம் தொடங்கி எட்டு நாளைக்கு ஒரே ஒரு சட்டியில் ராச்சாப்பாடு ஆக்கி, வீட்டில் உள்ள அத்தனை பேரையும் வாயடைத்துக் காட்டுகிறேன் என்று மூன்று நாளைக்கு முன்னால் சவால் விட்டவள் நான்.

என்றைக்கு விபூதி புதன் என்று பார்க்காமல் விட்டேன். மாமியார் பார்த்துவிட்டுத்தான் நாள் குறித்தார்.

இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. கூடவே சிரிப்பும் வருகிறது. அந்த எட்டு நாளில் நான் தோற்றிருந்தால் இந்தத் தொடரே வந்திருக்காது. கம்பெனிக்குப் போன எஸ்தரைப் பற்றித்தானே, அதாவது என்னைப் பற்றித்தானே, இத்தனை வாரமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அவள் கம்பெனிக்குப் போனது எப்படி என்று கேட்டு மூன்று வாசகிகள் கடிதம் போட்டுவிட்டார்கள். சொல்லிவிடுகிறேன்.

ஐந்து வாய், ஐந்து ருசி

ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவில், ஏரியை ஒட்டிய கிராமம் அது. ஆர்.சி. குடும்பங்கள் முப்பது நாற்பது இருந்தன. எண்பதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கல்யாணமாகி எட்டு வருடம் ஆகியிருந்தது.

வீட்டில் என்னைத் தவிர ஐந்து பேர். ஐந்து பேரும் தங்கமான மனுஷர்கள், சாப்பாட்டு நேரம் வரும்வரை.

மாமனார் சவரிமுத்துவுக்குப் புளி ஆகாது. புளி பட்டால் நெஞ்சு எரிகிறது என்பார். அவருக்கு மிளகு ரசம், குழைந்த சோறு. மாமியாருக்கோ புளி இல்லாவிட்டால் அது சாப்பாடே இல்லை. நாக்கில் சுர்ரென்று ஏறும் காரக் குழம்பு வேண்டும். என் வீட்டுக்காரர் அந்தோணி, தாம்பரம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். சிங்கப்பெருமாள் கோவில் வரை சைக்கிள், அங்கிருந்து ரயில். திரும்பி வரும்போது பசி காதை அடைக்கும். ஆனாலும் பக்கத்தில் மீனோ கருவாடோ இல்லாமல் ஒரு வாய் இறங்காது. நாத்தனார் பிலோமினா டீச்சர் டிரெயினிங் படித்துக்கொண்டிருந்தாள். கூடப் படிக்கிற பெண்கள் சொன்னார்கள் என்று ராத்திரியில் சப்பாத்தி கேட்பாள், கத்தரிக்காயைக் கண்டால் தட்டை நகர்த்துவாள். என் மகள் ரோசிக்கு ஏழு வயது. பருப்புச் சோறு, அப்பளம். வெங்காயம் கண்ணில் பட்டால் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் விளிம்பில் அடுக்குவாள்.

ஆக, ரசம், காரக் குழம்பு, வறுவல், சப்பாத்தி, பருப்பு. தினமும். ஒரு விறகடுப்பு, திரி ஒழுங்காக ஏறாத ஒரு ஸ்டவ். மூன்றரை மணிக்கு நானும் மாமியாரும் அடுப்படிக்குள் போனால் வெளியே வர எட்டாகும். ஒருத்தி அம்மியில், ஒருத்தி அடுப்பில். யார் கண்ணில் புகை, யார் கண்ணில் தண்ணீர் என்று தெரியாது.

இதற்கு நடுவில் ஒவ்வொருவரும் தட்டின் முன்னால் உட்கார்ந்து கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வேற இன்னா கீது?"

குழம்பை ஊற்றும்போதே கேட்பார்கள். குழம்பு வாய்க்குள் போகுமுன் கேட்பார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்குக் கரண்டியாலேயே ஒன்று போடலாம்போல் இருக்கும். சிரித்துக்கொண்டே அடுத்த பாத்திரத்தைத் திறப்பேன்.

வாலாஜாபாத்தில் என் அப்பா வீட்டில் இதெல்லாம் கிடையாது. நாங்கள் மிஷன் சபைக்காரர்கள், புராட்டஸ்டண்ட். ஏழு பேருக்கு ஒரு குழம்பு. பிடிக்காதவன் மோர் ஊற்றிக்கொண்டு எழுந்து போக வேண்டியதுதான். தவசு காலத்தை நாங்கள் லெந்து நாட்கள் என்போம். லெந்து வந்தால் அப்பா வெற்றிலையை விடுவார், நாங்கள் பலகாரத்தை விடுவோம். கறியை யாரும் விட்டதாக நினைவில்லை. கல்யாணத்துக்காக நான் ஆர்.சி.யில் சேர்ந்த பிறகும் இந்த நாற்பது நாள் கணக்கு மட்டும் எனக்கு மனப்பாடம் ஆகவே இல்லை. "பதித சபைலேர்ந்து வந்தவ, இவளுக்கு இன்னா தெரியும்" என்று மாமியார் எட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்; வழிதவறிய சபை என்று ஆர்.சி.க்காரர்கள் எங்களுக்கு வைத்த பெயர் அது. அந்த வருடம் அவர் சொன்னது முழுக்க உண்மையாகிவிட்டது.

பத்தாங்கிளாஸ் பாஸ்

ஸ்ரீபெரும்புதூர் போகிற ரோட்டில் புதிதாக ஒரு ஸ்விட்ச் கம்பெனி வந்திருந்தது. வீட்டுச் சுவரில் இருக்குமே, விளக்கு போடுகிற ஸ்விட்ச், அதைச் செய்கிற கம்பெனி. லைனில் உட்கார்ந்து சின்னச் சின்ன ஸ்குரூ பூட்டுகிற வேலை. பெண்களைத்தான் எடுக்கிறார்கள், பத்தாங்கிளாஸ் பாஸ் போதும், காலை எட்டிலிருந்து ஐந்து வரை என்று வீட்டுக்காரர் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார்.

என் பத்தாங்கிளாஸ் சர்டிஃபிகேட் டிரங்குப் பெட்டியில் கல்யாணப் புடவைக்கு அடியில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். கணக்கில் எண்பத்தொன்று. மடிப்பில் லேசாகக் கிழிந்திருந்தது.

எனக்கு வேலைக்குப் போக வேண்டும்போல் இருந்தது. வீட்டில் கஷ்டம் என்று சொல்ல மாட்டேன், பெரிய லட்சியம் என்றும் சொல்ல மாட்டேன். அந்தக் காகிதத்தை மறுபடி புடவைக்கு அடியில் வைக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான். யாருக்கும் சொல்லாமல் விண்ணப்பம் எழுதிப் போட்டேன். பதினைந்து நாளில், நேரில் வரச்சொல்லி ஒரு அட்டை வந்தது. நாள், இரண்டு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை.

வீட்டுக்காரரிடம் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, அம்மாவைக் கேள் என்றார். எந்த வம்புக்கும் அவர் சொல்கிற ஒரே பதில் அது. மாமியாரிடம் போய் நின்றேன். அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். ராவைக்கு இவர்களுக்கெல்லாம் யார் ஆக்கிப் போடுவது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். நியாயமான கேள்விதான். அவர் ஒருத்தியாக ஐந்து வகை ஆக்க முடியாது, எனக்கே தெரியும். அந்த நேரத்தில்தான் என் நாக்கில் சனி உட்கார்ந்தது. ஆறு மணிக்கு வந்து, ஒரு மணி நேரத்தில், ஒரே சட்டியில் எல்லாருக்கும் ஆக்கிவிடுவேன் என்றேன்.

மாமியார் கீரையைக் கீழே வைத்தார்.

"ஒரே சட்டி? இவங்களுக்கு?"

"ஆமா அத்தே."

"சரி. எட்டு நாளு ஆக்கிக் காட்டு. ஆறு மணிக்கு முன்னால அடுப்பாண்ட வரக் கூடாது. ஒருத்தர் 'வேற இன்னா கீது'ன்னு கேட்டாலும் கம்பெனி பேச்சு இந்த வூட்ல இருக்கக் கூடாது. யாராண்டயும் சொல்லாத. சொன்னா பாவம் பாத்து துன்னுடுவாங்க."

எப்போதிலிருந்து என்று கேட்டேன். அவர் தலையைத் திருப்பிச் சுவரில் தொங்கிய கோயில் காலண்டரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். புதன்கிழமையிலிருந்து வைத்துக்கொள்ளலாமே என்றார், ஏதோ எனக்கு அவகாசம் தருகிறவர் மாதிரி.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு விடைக்கோழிக்குச் சொல்லிவைத்தேன். வாலாஜாபாத் சந்தையில் நெத்திலிக் கருவாடு வாங்கிக் காகிதத்தில் சுற்றி உறியில் வைத்தேன். கோழிக் குழம்பை யார் வேண்டாம் என்பார்கள்? அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ரோசிக்குக் காய்ச்சல் என்று நான் பூசைக்குப் போகவில்லை. போயிருந்தால் சாமியார் அறிவித்ததைக் கேட்டிருப்பேன். புதன் காலை ஐந்து மணிக்கு மாமியார் என்னை எழுப்பி, தலைக்குக் குளித்துவிட்டு வா, கோயிலுக்குப் போகணும் என்றபோதும் எதற்கு என்று கேட்காமல் பின்னாலேயே போனேன்.

அந்தக் கோழிக்கு நாற்பது நாள் ஆயுசு கெட்டி.

சாம்பார் என்கிற தவம்

தவசு காலத்தில் புதனும் வெள்ளியும் மாமனார் ஒருசந்தி. ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒரே வேளை சாப்பாடு. அதை அவர் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்வார். அதாவது, காலையிலிருந்து வெறும் தண்ணீரில் இருக்கிற மனுஷருக்கு என் ஒற்றைச் சட்டிதான் முதலும் கடைசியும்.

கைகால் ஓடவில்லை. முள்ளங்கி போட்டு ஒரு சாம்பார் வைத்தேன். புளியைக் குறைத்தேன், மிளகாயைக் குறைத்தேன், வெங்காயத்தை நசுக்கிப் போட்டேன். எல்லாருக்கும் பிடிக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் குறைத்ததில் அது யாருக்கும் இல்லாத சாம்பாராகிவிட்டது.

தட்டு போட்டு ஊற்றினேன். மாமனார் ஒரு வாய் போட்டுக்கொண்டு பெருமூச்சு விட்டார். வீட்டுக்காரர் மருந்து குடிக்கிற மாதிரி முழுங்கினார். பிலோமினா விரலால் கோலம் போட்டாள். மாமியார் மட்டும் ரசித்துச் சாப்பிட்டார். ஒவ்வொருவர் வாயையும் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். நான் மனதுக்குள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. எனக்கே நம்ப முடியவில்லை. பிறகுதான் புரிந்தது: விபூதி புதனாயிற்றே, இந்தச் சாம்பாரும் தவத்தில் ஒரு பங்கு என்று நினைத்துக்கொண்டார்கள். மாமியார் வெட்டிய குழி அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது.

அரை வயிறோடு எல்லாரும் எழுந்து போனார்கள். மாமியார் மாட்டுக்குத் தண்ணி காட்டக் கொல்லைப் பக்கம் போனார். நான் அழுகை முட்டிக்கொண்டு வர அடுப்படியில் உட்கார்ந்தேன். மீந்த சோற்றைச் சட்டிக்குள் தட்டி, அடியில் ஒட்டியிருந்த பருப்போடு சேர்த்து வழித்துப் பிசைந்தேன். அது எங்கள் அம்மா வீட்டுப் பழக்கம், இங்கேயும் தினமும் செய்வேன். சட்டியைக் கழுவப் போடுமுன் இரண்டு கவளம்.

ரோசி வந்து கையை நீட்டினாள். ஒரு உருண்டை வைத்தேன். அவள் வெங்காயம் பொறுக்கவில்லை. மென்றுகொண்டே இன்னொரு கையையும் நீட்டினாள். சத்தம் கேட்டுப் பிலோமினா வந்து, எனக்கு அண்ணி என்றாள். வீட்டுக்காரர் வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளங்கையைக் காட்டினார். கடைசியாக ஒரு கை வந்தது, காய்த்துப்போன பெரிய கை. மாமனார்.

"காந்தல் கீதா அடில?"

இருந்தது. அடிபிடித்ததைச் சுரண்டி வைத்தேன். அதே சாம்பார். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் தட்டில் வேண்டாம் என்று ஒதுக்கிய அதே சாம்பார்.

சட்டி காலியானது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. எட்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்த ஒன்று அன்றுதான் கண்ணில் பட்டது. புளி ஆகாத மாமனார், மாமியாரின் புளிக்குழம்புச் சட்டியின் அடிச்சோற்றுக்குத்தான் தினமும் முதலில் வந்து நிற்பார். கத்தரிக்காய் தின்னாத பிலோமினா, சட்டிச்சோற்றில் கத்தரிக்காய் இருந்ததா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. தட்டு என்றால் அவரவர் ராஜ்ஜியம், அவரவர் சட்டம். கையை நீட்டி நிற்கிறபோது அடுத்த உருண்டை எப்போது வரும் என்பதுதான் கவலை.

அப்படியென்றால் நான் ஏன் தட்டு போட வேண்டும்?

தட்டு இல்லாத பந்தி

மறுநாள் காலையிலேயே மாமனாரிடம் காராமணியை ஊறப்போடச் சொன்னேன். பிலோமினாவிடம் பூண்டு உரிக்கக் கொடுத்தேன். ஆறு மணிக்கு முன்னால் நான் அடுப்புப் பக்கம் போகக் கூடாது என்றுதானே பேச்சு, பூண்டு போகலாம். கம்பெனி லைனில் ஒவ்வொருவர் ஒவ்வொரு வேலை செய்து அடுத்த ஆளுக்குத் தள்ளுவார்கள் என்று வீட்டுக்காரர் சொல்வாரே, அந்த மாதிரி அவரவருக்கு ஒரு வேலை.

பரணில் கோயில் திருவிழா அன்னதானத்துக்கு வைத்திருந்த பெரிய மண்சட்டி கிடந்தது. இறக்கிக் கழுவினேன். ஆறு மணிக்கு அடுப்பை மூட்டினேன். காராமணி, முருங்கைக்காய், பூண்டு, நல்லெண்ணெய் தாராளமாக. இந்தத் தடவை எதையும் குறைக்கவில்லை. புளி புளியாக இருந்தது, காரம் காரமாக இருந்தது. சுண்டி வரும்போது வடித்த சோறு முழுவதையும் அதற்குள்ளேயே கொட்டினேன். வாசலில் பாயை விரித்து நடுவில் சட்டியைக் கொண்டுபோய் வைத்தேன்.

மாமியார் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தட்டு எங்கே என்றார். ஒரே சட்டி என்றுதானே அத்தே பேச்சு என்றேன். அவர் உதட்டைச் சுழித்துக்கொண்டு ஓரமாக நகர்ந்தார். ஆனால் நான் கரண்டியை விட்டுக் கிண்ட ஆரம்பித்ததும் பொறுக்கவில்லை.

"கரண்டியால கிண்டினா அது சோறா, சிமிட்டியா? தள்ளு."

கையைக் கழுவிக்கொண்டு வந்து சட்டியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முழங்கை வரைக்கும் புடவையை ஒதுக்கிக்கொண்டு பிசைந்தார். என்ன கை அது! சூடு தெரியாத கை. ஒரு பருக்கை வெள்ளையாக மிஞ்சவில்லை. நல்லெண்ணெய் வாசமும் பூண்டு வாசமும் தெருவுக்கே போயின. அவர் உருட்டி உருட்டி வைக்க, சுற்றி உட்கார்ந்து கை நீட்டி வாங்கிச் சாப்பிட்டோம். பேச்சே இல்லை. மாமனாருக்கு நெஞ்சு எரியவில்லை. ரோசி பூண்டைத் தின்றாள்.

எனக்கு எதிராக வழக்குப் போட்டவரே எனக்காகப் பிசைந்துகொண்டிருந்தார். அதை அவரும் கவனித்தாரா என்று தெரியாது.

வெள்ளிக்கிழமை கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம் முடிந்து எல்லாரும் பசியோடு வந்தார்கள். வறுத்த வேர்க்கடலையை அரைத்துவிட்டுக் கத்தரிக்காய்க் குழம்பு. பிலோமினா நாலாவது உருண்டையில், இது என்ன காய் அண்ணி என்று கேட்டாள். சாப்பிடு சொல்கிறேன் என்றேன். இன்றுவரை சொல்லவில்லை. சனிக்கிழமை கீரைக் கடைசல், ஞாயிற்றுக்கிழமை மாங்காய் போட்ட பருப்பு. அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் என்ன விசேஷம் என்று எட்டிப் பார்த்தார்கள்.

இதில் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. மூன்றரை மணிக்கு மாமியாருக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. முதல் இரண்டு நாள் அவர் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தார். சனிக்கிழமை ஏரிக்கரை வரை போய்விட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை தலையை அவிழ்த்துவிட்டு, வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டு, எதிர்வீட்டு அம்மாவோடு இருட்டும்வரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அவர் சிரிப்புச் சத்தம் எனக்கு அதுவரை தெரியவே தெரியாது. அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பூண்டுக்குப் பழியைப் போட்டேன்.

பொட்டலத்தில் வந்த வினை

ஆறாம் நாள், திங்கட்கிழமை. கொள்ளு கடைந்து சோறு பிசைந்திருந்தோம். இரண்டு உருண்டை ஆனதும் என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து எண்ணெய் ஊறிய ஒரு பொட்டலத்தை எடுத்தார். ஸ்டேஷன் வாசலில் வாங்கிய மசால் வடை. ஆறு பேருக்கு ஆறு. மீன் இல்லாமல் ஆறு நாள் தாங்கியவர், பாவம், வாய் நமநமத்திருக்கிறது.

எனக்கு உயிரே போய்விட்டது. மாமியார் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கண்ணில் ஒரு பளபளப்பு.

"பாத்தியா? வேற தேடிகினு போயிட்டான்."

கேட்கவில்லையே அத்தே, கேள்வி கேட்கவில்லையே என்றேன்.  கேட்டால் என்ன, வாங்கி வந்தால் என்ன, இரண்டும் ஒன்றுதான் என்றார் அவர். வீட்டுக்காரர் வடையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. ஆறு நாள் பட்ட பாடு ஆறு வடையில் போய்விட்டதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனுஷரை அப்படியே கடித்துத் துப்பலாம்போல் இருந்தது.

அப்போது மாமனார் எழுந்தார். மகன் கையிலிருந்து பொட்டலத்தை வாங்கினார். ஆறு வடையையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, இரண்டு கையாலும் நொறுக்கி, சட்டிக்குள் உதிர்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

"இப்போ அது வேற இல்ல. பெசைடி லூர்து."

மாமியார் அவரை முறைத்தார். அவர் ஆகாயத்தைப் பார்த்தார். மாமனார் காதில் எல்லாம் விழுந்திருக்கிறது, சவால் விட்ட அன்றைக்கே. கீரை ஆய்ந்த இடத்துக்கும் அவர் கட்டிலுக்கும் நடுவில் ஒரு தட்டிதான் தடுப்பு. தெரிந்தும் தெரியாத மாதிரி காராமணி ஊறப்போட்டிருக்கிறார் மனுஷர்.

மாமியார் பிசைந்தார். சோம்பும் பருப்பும் மொறுமொறுவென்று இடையில் கடிபட, அந்தக் கொள்ளுச் சோறு மாதிரி ஒன்றை நான் பிறகு எந்தக் கல்யாணத்திலும் சாப்பிட்டதில்லை. எங்கள் வீட்டில் இன்றைக்கும் கொள்ளு கடைந்தால் யாராவது ஒருவர் வடை வாங்கப் போவார்.

எட்டாம் நாள்

எட்டாம் நாள் புதன்கிழமை. அட்டையில் போட்டிருந்த அதே புதன்கிழமை.

காலையில் கிளம்பும்போது மாமியார் வாசலில் நின்றார். நல்லா பதில் சொல்லு என்றெல்லாம் சொல்லவில்லை. ஆறு மணிக்கு அடுப்பு மூட்டணும், ஞாபகம் இருக்கிறதா என்றார். வந்துவிடுவேன் அத்தே என்றேன்.

கம்பெனியில் அறுபது எழுபது பெண்கள். ஊர் ஊராக வந்திருந்தார்கள், மணிமங்கலத்திலிருந்துகூட ஒருத்தி. கண் பார்த்தார்கள், காகிதம் பார்த்தார்கள், உட்கார வைத்தார்கள். மத்தியானம் போய்த்தான் ஒரு நீள மேசையில் கூட்டிப்போய் உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு தட்டு நிறைய ஸ்குரூவும் துண்டுகளும் கொடுத்துப் பூட்டச் சொன்னார்கள். சூப்பர்வைசர் கடிகாரத்தோடு பின்னால் நடந்தார்.

நான் ஐந்து பாத்திரத்தை இரண்டு அடுப்பில் எட்டு வருடம் ஓட்டியவள். ஒரு கை எடுக்கும்போது இன்னொரு கை பூட்டியது. முடித்துவிட்டு நிமிர்ந்தால் மேசையில் எல்லாத் தலையும் குனிந்தே இருந்தது. சூப்பர்வைசர் என் தட்டை எடுத்து ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். இதற்கு முன்னால் எந்தக் கம்பெனியில் இருந்தாய் என்று கேட்டார். வீட்டில் சார் என்றேன். பக்கத்திலிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல் என் பெயருக்கு நேரே ஒரு டிக் போட்டு, நாளைக்குக் காலையில் எட்டு மணிக்கு வந்துவிடு என்றார்.

வெளியே வந்தபோது ஐந்தரை. பஸ் போய்விட்டிருந்தது. அடுத்த பஸ் வந்து, அது வழியில் இரண்டு இடத்தில் நின்று, நான் எங்கள் ஊர் ரோட்டில் இறங்கியபோது ஏழுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. வேலை கிடைத்துவிட்டது. சவால் போய்விட்டது. ஆறு மணிக்கு மூட்ட வேண்டிய அடுப்பை ஏழு மணிக்கு மூட்டினால் அதற்குப் பெயர் தோல்விதான். ஏழு நாள் ஜெயித்து எட்டாம் நாள் பஸ்ஸால் தோற்கிறேனே என்று அழுதுகொண்டே வயல் வரப்பில் ஓடினேன். செருப்பு வார் அறுந்தது. கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

வாசலில் பாய் விரித்திருந்தது.

நடுவில் பெரிய சட்டி. சுற்றி நான்கு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் சட்டியின் முன்னால் சம்மணம் போட்டு, முழங்கை வரை குழம்பு அப்பிய கையோடு பிசைந்துகொண்டிருந்தார். ஒருவர் வாயும் அசையவில்லை. ரோசி என்னைப் பார்த்ததும் புகார் சொன்னாள். "எவ்ளோ நேரம்மா? நீ வந்தாத்தான் குடுப்பேன்னு ஆயா சொல்லுது."

நான் செருப்பைக் கீழே போட்டேன். மூச்சு வாங்கியது. நேரமாகிவிட்டது அத்தே, பஸ் வரவில்லை, ஆறு மணிக்கு நான், என்று ஏதேதோ உளறினேன். அவர் நிமிரவில்லை.

"ஒரே சட்டிதான். நான் ஆக்குனா ஆவாதா?"

 சட்டியைப் பார்த்துக்கொண்டே மேலே பேசினார்.

"முப்பது வருசமா இவங்களுக்கு ஆக்கிக் கொட்டிகினு கீறேன். ஆறு மணி வெயிலு எப்பிடி கீதுன்னு ஒரு நாளும் பாத்ததில்ல. இந்த எட்டு நாளா பாக்கறேன். எனக்கு அது வேணும்." பிறகுதான் தலையைத் தூக்கினார். "வேலை கெடச்சுதா?"

"நாளைலேர்ந்து வரச் சொன்னாங்க அத்தே."

அவர் ஒரு உருண்டை உருட்டினார். எலுமிச்சை அளவு அல்ல, ஒரு தேங்காய் மூடி அளவு. அந்த வீட்டில் முதல் கவளம் மாமனாருக்குத்தான். மாமனாரும் பழக்கதோஷத்தில் கையை நீட்டிவிட்டார். மாமியார் அந்தக் கையைத் தாண்டி என் பக்கம் நீட்டினார். மாமனார் சத்தமில்லாமல் கையை மடக்கிக்கொண்டு, நான் உட்கார இடம் விட்டு நகர்ந்தார்.

இரண்டு கையையும் சேர்த்து வாங்கினேன். வாயில் போட்டுக்கொண்டேன். அழுகையும் சோறும் ஒன்றாக இறங்கின. உப்பு தூக்கல். புளியும் தூக்கல். சொல்வேனா? விழுங்கிவிட்டு உடனே மறுபடியும் கையை நீட்டினேன்.

"மத்தவங்க துன்ன வாணாமா?" என்றார் மாமியார். "குந்து. உன் முறை வரும்."